முதல் எட்டு நொடி

வாயால் செய்து காட்டினான் நெர்குய்:
கடகட, கடகட, பிறகு ஒரு உதறல்.
"எட்டு நொடிதான். அப்புறம் பூனைக்குட்டி."

டார்கான் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தான்.
என் பட்டறை வாசலில் அந்த ப்ரியஸ்
பூனைக்குட்டியாகவே நின்றது.
சூடான வண்டியிடம் வாக்குமூலம் வாங்க முடியாது.
சாவியை வைத்துவிட்டுப் போ என்றேன்.
பானெட்டில் கட்டியிருக்கும் கம்பளிப் போர்வையையும்
அவிழ்த்து எடுத்துக்கொண்டு போ.

அன்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.

காலை ஆறு மணிக்குக் கையுறையோடு பொத்தானை அழுத்தினேன்.
வந்தது.
அவன் வாய் பொய் சொல்லவில்லை, சுருதிதான் தப்பு.
தகரம் இல்லை இது;
தகரமாயிருந்தால் ஒரு போல்ட்டை இறுக்கி
ஒரு தேநீர்க் காசோடு அனுப்பியிருப்பேன்.
செயின் என்றால் சரசரக்கும், ஆயில் ஏறியதும் அடங்கும்.
இது அடியிலிருந்து நொண்டுகிறது.
மூன்று பேர் சுமக்க, நான்காமவன் தடுக்கி விழுகிற மாதிரி.

வெண்புகை வருகிறதா பார் என்கிறது கையேடு.
ஜனவரியில் இந்த ஊரில்
நாய்கூட வெண்புகைதான் விடுகிறது.

கூலன்ட் டப்பாவில் கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை,
அடியில் கொஞ்சம் இளஞ்சிவப்பு.
போனில் அடித்துச் சொன்னான்:
"மூன்று வருஷத்தில் நான் ஒரு சொட்டு ஊற்றியதில்லை.
அது இறங்காது."

ப்ளக்குகளைக் கழற்றிக் கேமராவை விட்டேன்.
முதல் துளை, கரி.
இரண்டு, கரி. நான்கும் கரி.
மூன்றாவதில்
கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
என் தொழிலில் சுத்தமாய் இருப்பவன்தான் மாட்டிக்கொள்வான்.
ஹெட் கேஸ்கெட்டின் மயிரிழை வழியே
இரவெல்லாம் கசிந்து பிஸ்டன் தலையில் தேங்கிய நீர்,
முதல் சுற்றிலேயே முட்டுகிறது.
காற்று நசுங்கிக் கொடுக்கும். நீர் கொடுக்காது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன், மத்தியானம் அவன் வந்தபோது.
"அண்ணன் கொரியா போனதிலிருந்து."
அதுவரை பகல் டாக்ஸி இவன், இரவு டாக்ஸி அண்ணன்.
சீட்டு ஆறியதில்லை.
எஞ்சினும்.

பத்சூரியை வீடியோவில் கூப்பிட்டேன்.
மஞ்சள் ஹெல்மெட், பின்னால் வெல்டிங் பொறி.
கூலன்ட் என்றதுமே குரலைத் தாழ்த்தினான்:
"மாதம் ஒரு பாட்டில் ஊற்றுவேன், துலம்சுரேன்.
தெரிந்தால் வண்டியை விற்றுவிடுவான்.
தம்பியிடம் சொல்லாதே."

தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான்.
திரையைப் பார்க்கவில்லை,
காலி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெட்டைத் தூக்க வேண்டும், நான்கு நாள், இவ்வளவு ஆகும் என்றேன்.
உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டான்.
"அணைக்காமலே வைத்திருந்தால்?"
"ராத்திரிக்கு யார் ஓட்டுவது?" என்றேன்.

போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு
குளிரில் வெளியே போனான்.
ஒன்றும் திட்டவில்லை.
அண்ணனுக்கு அந்தச் சத்தத்தை
வாயால் செய்து காட்டிக்கொண்டிருந்தான்.
இந்த முறை சுருதி சரியாக இருந்தது.