பசுவின் நக்கல்

பிப்ரவரியில் விஸ்கான்சின் மண் இரும்பு.
குழி வெட்டுவதற்கு முதல்நாளே
அதற்குச் சூடு காட்டி இளக்க வேண்டும்.

வியாழக்கிழமை முடிதிருத்தகத்தைச் சாத்திவிட்டு
ஈமச்சடங்கு இல்லத்துக்குப் போகிறேன்.
உயிரோடு இருப்பவர்களுக்கு வெட்டுவதைவிட இது லேசு.
யாரும் கண்ணாடி கேட்பதில்லை.

இன்றைக்கு ஆர்விட் ஸ்கோக்லண்ட்.
எழுபத்தொன்பது வயது, ஐம்பத்திரண்டு மாடு.
நெற்றிக்கு மேல் வலப்பக்கம்
ஒரு கொத்து முடி மட்டும் படியவில்லை.
தண்ணீர் தெளித்தேன். பசை தடவினேன்.
வெந்நீரில் நனைத்த துண்டால் அமுக்கி
நூறு வரை எண்ணினேன்.
கையை எடுத்தேன், எழுந்துகொண்டது.
அந்த அறையில் என்னைத் தவிர
எழுந்து நிற்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இதற்குக் கௌலிக் என்று பெயர்.
கௌ பசு. லிக் நக்கல்.
நக்கல்தான், இரண்டு அர்த்தத்திலும்:
ஒரு மனிதனின் எல்லாச் சீப்புகளையும்
கேலி செய்தே நரைத்திருக்கிறது.

அகராதியைப் புரட்டினேன்.
நானூறு வருஷத்துக்கும் மூத்த சொல்லாம்.
பசு நக்கிவிட்டாற்போல் நிற்கும் மயிர், அவ்வளவே.
எந்தப் பசு,
முதலில் யார் தலையைப் பார்த்து யார் சிரித்தது,
ஒன்றும் இல்லை.
அகராதிக்காரர் இரவில் தொழுவத்தில் நின்றிருக்க மாட்டார்.

நான் நின்றிருக்கிறேன், அப்பாவின் லாந்தரைப் பிடித்துக்கொண்டு.
கன்று வைக்கோலில் விழும்.
ஈரம், நீலம், அசைவில்லை.
தாய் திரும்புவாள்.
உப்புத்தாள் நாக்கு.
சவ்வை வழித்து, மூக்கைத் துடைத்து,
முடி போகிற திசைக்கு எதிராக,
அடிக்கிறாளோ என்று நினைக்கும்படி
நக்குவாள், நக்குவாள்,
முதல் மூச்சு வரும்வரை.
மறுநாள் காய்ந்த பிறகும்
அந்தச் சுழிகள் அப்படியே நிற்கும்.

கடைசியில் கிளிப் போட்டுத்தான் படிய வைத்தேன்.
கிளிப்பை எடுத்தேன். கண்ணாடிபோல் வழவழப்பு.
எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்று மணிக்கு யோர்டிஸ் வந்தாள்,
அவருடைய பழுப்பு டையும்
பூட்ஸில் சாணியுமாக.
வெகுநேரம் பார்த்தாள்.
"யாரோ பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கு."

கையுறையைக் கழற்றினாள்.
கட்டைவிரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி
அந்த இடத்தில் அழுத்தி
கீழிருந்து மேலே
ஒரே தள்ளு.

நின்றது.

"ம்," என்றாள்.
டையை என் கையில் கொடுத்தாள்.
பால் கறக்க நேரமாகிவிட்டது என்று
கதவைச் சாத்தாமலே போனாள்.