பதினேழாம் எண் கால்சட்டை

கொடிக்காக வரவில்லை என்று சொன்னால்
கோபித்துக்கொள்ளாதீர்கள்.
நாற்பத்திரண்டு வெள்ளைக் கால்சட்டைகளைப்
பார்த்துவிட்டுப் போக வந்தேன்.

நேற்று இரவு பதினொன்றுக்கு
ஹோட்டலின் அடித்தளத்துக்கு இறங்கி வந்தன.
எட்டாம் மாடியில் தங்கியிருக்கும் பேண்டு வாத்தியக்காரர்களுடையவை.
மடிப்பு கத்திபோல் நிற்க வேண்டும் என்றார் மிஸ் லூ.
நின்றது.
பதினேழாம் எண்ணில் மட்டும்
இடது முழங்காலில் மீன்குழம்பு.
எலுமிச்சை போட்டேன், சோடா போட்டேன்,
மருந்து போட்டேன், மறுபடியும் மருந்து.
விடியும்போது பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது.
தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்றான் ரஃபீக்.
எவ்வளவு தூரம் என்று அவன் சொல்லவில்லை.

ஷிப்டு முடிந்து வெளியே வந்தால்
மஸ்ஜித் ஜமேக் ஸ்டேஷனிலிருந்து
ஊரே படியேறி வருகிறது.
வீட்டுக்குப் போக நான் அதே படியில் இறங்க வேண்டும்.
இறங்கவில்லை.

முக்காலி, பாய், நாசி லெமாக் பொட்டலம்,
கன்னத்தில் கொடி வரைந்துகொண்ட பிள்ளைகள்.
எல்லோரும் யாருடனாவது வந்திருந்தார்கள்.
"ஸோராங் ஜா?" என்றாள் ஒரு மலாய்க்கார அம்மா.
ஒருத்திதான்.
சட்டையில் கழற்ற மறந்த பேட்ஜைப் படித்து
"தவா, டுடோக், டுடோக்" என்று
பாயின் ஓரத்தை எனக்காக இழுத்துவிட்டாள்.
தவமலர் என்ற பெயர் அந்த பேட்ஜில் அடங்கவில்லை.
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி
நின்றுகொண்டே இருந்தேன்.

நான் நாலடி பத்தங்குலம்.
எனக்கு முன்னால் ஒரு சீனப் பையன்,
கூடைப்பந்து ஆடுகிறவன் போல.
அவன் முதுகுதான் எனக்கு ஊர்வலம்.
ஆனால் கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.
அந்த உள்ளங்கை அகலத்தில்
கவச வண்டிகள் போயின, தீயணைப்பு வண்டிகள் போயின,
குதிரைகள் தீப்பெட்டி அளவில் போயின.
வீட்டு டிவி இதைவிடப் பெரிசு.

பேண்டு முதலில் காதுக்கு வந்தது.
அப்புறம் திரையில் கால்கள், வெள்ளை வெள்ளையாக.
எண் உள்பக்கம் தைத்திருக்கும், வெளியே தெரியாது,
அதனால் ஒவ்வொரு இடது முழங்காலாகப் பார்த்துக்கொண்டு போனேன்.
சுத்தம். சுத்தம். சுத்தம்.
மடிப்புகள், என் மடிப்புகள்,
சாலையை வெட்டிக்கொண்டு வந்தன.
அடுத்த வரிசை திரும்பும்போது
விமானங்கள்.

கைப்பேசி வானத்துக்குப் போய்விட்டது.
எல்லோருடைய கைப்பேசியும் போய்விட்டது.
ஐந்து கோடு புகை,
பிந்தி வந்த சத்தம் நெஞ்சில் இடித்தது.
"தம்பி, கீழ, கீழ காட்டு" என்று தமிழில் கத்தினேன்.
அவன் திரும்பிப் பார்த்தான்,
பயந்துவிட்டேன் என்று நினைத்து
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
குடித்தேன். வேறென்ன செய்ய?
குடித்து முடிப்பதற்குள்
வெள்ளைக் கால்கள் மணிக்கூண்டைத் தாண்டியிருந்தன.

ஏழு முறை 'மெர்டேக்கா' சொல்ல வேண்டும்.
முதல் மூன்றுக்கு என் வாய் திறக்கவில்லை.
நாலாவதில் ஏதோ வந்தது, கொட்டாவி என்று நினைத்தேன்.
ஐந்தும் ஆறும் நன்றாகவே கத்தினேன்.
ஏழாவதில் எல்லோரும் நிறுத்திய பிறகும்
என் தொண்டை கொஞ்சம் மீதி வைத்திருந்தது.
பாய்க்கார அம்மா சிரித்தாள்.
இப்படிக் கத்தி எத்தனை வருஷம்!
என் வீட்டில் கத்தினால்
பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள்.

இரவு மறுபடி பதினொன்று. கூடை இறங்கி வந்தது.
நாற்பத்திரண்டும் வியர்வை, தார், வெயில்.
பதினேழைத் தேடி எடுத்தேன்.
இரண்டு முழங்காலும் கறுப்பு.
எங்கேயோ மண்டியிட்டிருக்கிறான்,
சப்பாத்துக் கயிறு கட்டவோ,
பிள்ளைகளோடு படம் எடுக்கவோ.
மஞ்சள் இருந்த இடத்தை
விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

"தெரிஞ்சுதா?" என்றான் ரஃபீக்,
என்னிடம் கற்றுக்கொண்ட தமிழில்.
"தெரியல."
அவன் சந்தோஷப்பட்டான்.
நான் மருந்துப் புட்டியைத் திறந்தேன்.