கணக்கு ஒப்படைப்பு

பொருளாளர் ஐயா,
வாலிபர் கூடுகைக்கு நீங்கள் தந்தது மூவாயிரம்.
ரசீது உள்ளவை பின் குத்தி இருக்கின்றன.
இல்லாதவற்றுக்கு என் கையெழுத்து.

பலூன் ஐம்பது, செவ்வாய்ப்பேட்டையில், நூற்று இருபது.
ஊதிப் பார்க்காமல் வாங்கியது என் பிழை,
பாதி ஓட்டை.
மீதியில், இருவர் தோளுக்கு நடுவே ஒன்றை வைத்து
கை படாமல் நடக்கும் போட்டி.
ஆணும் பெண்ணும் ஜோடி இல்லை.
கேட்பீர்கள் என்று தெரியும்.

பழைய செய்தித்தாள் மூன்று கிலோ, இனாம்.
பாபேல் கோபுரம் கட்டுங்கள், பேசக் கூடாது என்றேன்.
சூரமங்கலம் பையன்கள் சைகையிலேயே சண்டை போட்டு
ஆளுயரம் எழுப்பிவிட்டார்கள்.
ஏற்காட்டுக் காற்று ஒரே ஒரு முறை
வந்து பார்த்துவிட்டுப் போனது.
கருத்துரை என்று நான் எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கம்
அப்படியே நோட்டில் இருக்கிறது.

கண்கட்டும் துணி ஒன்பது, செலவில்லை.
பாடகர் குழுவின் பழைய அங்கியைக் கிழித்தேன்,
யாரையும் கேட்கவில்லை.
பதினெட்டுப் பேருக்குக் கணக்கிட்டது.
ஷாரோனுக்குக் காய்ச்சல், வேன் ஏறவில்லை.
காப்பித் தோட்டத்தில் எல்லோரும் ஜோடி சேர்ந்தபின்
ஓபேத் மட்டும்
சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியை
ஆராய்ந்துகொண்டு நின்றான்.

நானே அவன் கண்ணைக் கட்டினேன்.
வலப்பக்கம் வேர். குனி. இன்னும் ரெண்டடி.
விளையாட்டின் விதி அது:
வழிகாட்டும் குரல் நிற்கவே கூடாது.
பாதியில் அவன் நின்றான்.
'அக்கா, கொஞ்சம் பேசாம இருங்க.'

மார்ச்சில் அவர்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கும் தெரியும்.
மலர்வளையம் வாங்கிய செலவை
இதே லெட்ஜரில் நீங்கள்தான் எழுதினீர்கள்.

பேசாமல் இருந்தேன்.
பனி இறங்கி வரிசை மறைந்தது.
அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், யாரோ விழுந்தார்கள்.
எவ்வளவு நேரம் என்று எழுதத் தெரியவில்லை,
விசில் ஊத மறந்துபோனேன்,
சாப்பாடு ஆறிவிட்டது.

(பொட்டலம் இருபது, டிரைவர், கிளீனர் உட்பட, ஆயிரத்து எண்ணூறு.
டீயும் மிளகாய் பஜ்ஜியும் முந்நூற்று அறுபது.)

காகிதப் பை ஒரு கட்டு, தொண்ணூறு. ஸ்கெட்ச் பேனா ஐம்பது.
ஒவ்வொரு பையிலும் ஒரு பெயர்.
அந்தப் பெயரைப் பற்றி ஒரு நல்லது எழுதி
மற்றவர்கள் உள்ளே போட வேண்டும்.
வீட்டுக்குப் போய்த் திறங்கள் என்றிருந்தேன்.

இருபதாம் வளைவில் பாட்டு.
பதினேழில் பாட்டு நின்றது.
பதினான்கில் ஜெமிமாள் வாயைப் பொத்தினாள்.
கவர் கொண்டு வரவில்லை, ஐயா,
மலையில் பிளாஸ்டிக் கூடாதே.
அடுத்த நிமிடம்
வேன் முழுக்கச் சீட்டுகளைச் சட்டைப்பைக்கு மாற்றும் சத்தம்,
காலிப் பைகள் கைமாறி முன்னால் போயின.
ஜெமிமாள் கைக்கு முதலில் வந்தது
'ஆசீர் எட்வின்' என்று எழுதிய பை.
ஆசீர் இதைத் தன் ஊழியம் என்று சொல்லித் திரிகிறான்.

ஓபேத்தும் தன் பையைக் கொடுத்தான்.
அதற்கு முன் கையை உள்ளே விட்டு வழித்து எடுத்தான்.
எத்தனை சீட்டு என்று நான் எண்ணவில்லை.
ஒரு கை போதவில்லை அவனுக்கு,
அதை மட்டும் பார்த்தேன்.
பிறகு கொரிங்டன் எபினேசரின் நெற்றியை
அடிவாரம் வரை தாங்கிப் பிடித்து வந்தான்.
இந்த விளையாட்டு என் நோட்டில் இல்லை.

வேன் கழுவிய கிளீனருக்கு இருநூறு, ரசீது கிடையாது.
மீதி முந்நூற்று எண்பது, உறையில் இருக்கிறது.

கண்கட்டுத் துணி எட்டுதான் திரும்பியது.
தேடவில்லை.
அங்கியைப் பற்றிப் பாடகர் குழுவில் கேட்டால்
என்னைக் காட்டிவிடுங்கள்.
அடுத்த மாதம் பலூன்
வேறு கடையில் வாங்குகிறேன்.

இப்படிக்கு,
கிருபாவதி தனராஜ்