ஈரப்பதம் தொண்ணூறு

கோபாரில் ஆகஸ்ட் வந்தால்
வாசலைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி குருடாகும்.
உம்மா காற்றைத் திட்டுவாள், காயாத துணியைத் திட்டுவாள்.
ஜவ்ஹர் காக்காவும் நானும் மட்டும்
மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஓரம்
டேப்ரிக்கார்டரோடு
வேர்த்தொழுகிக் காத்திருப்போம்.

கடல் புழுங்கினால்தான்
அக்கரை பஹ்ரைன் எங்களுக்குக் கேட்கும்.
தொண்ணூற்றாறு புள்ளி ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
மயிரிழை இடத்தில் முள் நிற்கும்.
முதலில் இரைச்சல். பிறகு டிரம்ஸ்.
பிறகு, தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல்
ஒரு கிட்டார்.
எனக்குப் பதினாலு வயது.
என் கோபத்துக்கும் ஒரு சத்தம் உண்டென்று
அப்போதுதான் தெரிந்தது.

டெரிக் என்றொருவன் பேசுவான்.
பாட்டு தொடங்கிய பிறகும் பேசுவான்.
ரெக்கார்ட் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு
"வாயை மூடுடா, மூடுடா" என்று காக்கா கெஞ்சுவான்.
வாப்பாவின் பயான் கேசட் இரண்டில்
பின்பக்கம் இன்னும் டெரிக்கின் இருமல் இருக்கிறது.

வார்த்தை பாதி புரியாது.
ஒரு கோரஸை வருஷம் முழுக்க
"மீன் வாங்கு, மீன் வாங்கு" என்றே பாடித் திரிந்தோம்.

டிசம்பரில் ஒரு கடிதம் எழுதினேன்,
உங்களுக்குப் பிடித்த எதையாவது போடுங்கள் என்று.
வியாழன்தோறும் பாலம் தாண்டிப் போகும்
கீழ்வீட்டு பொனிஃபாசியோ கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மூன்றாம் வாரம் ஷமால் அடித்தது.
வானம் துடைத்துவைத்த தட்டு.
ரேடியோ முழுக்க மணல்.
அதற்குள்ளிருந்து டெரிக்:
"கோபாரிலிருந்து மரியா…"
மர்லியா. பரவாயில்லை.
"இது உனக்காக."
அவ்வளவுதான்.
நாலு நிமிஷம் கர்ர்ரென்று
எனக்காக ஒரு பாட்டு ஓடியது.
ஸ்பீக்கரில் காதை ஒட்டி
"பேஸ் கேக்குது, பேஸ் கேக்குது" என்றான் காக்கா.
பொய்.

இப்போது ஜுபைலில் வால்வு விற்கிறான்.
அந்தக் காலத்துப் பாட்டையெல்லாம் பட்டியலாக்கி
போனுக்கு அனுப்பியிருக்கிறான், நூற்றுப் பன்னிரண்டு.
அத்தனையும் சுத்தமாகக் கேட்கிறது.
ஒவ்வொன்றிலும் நாலாவது நிமிஷம் வரை இருந்து பார்க்கிறேன்,
இதுவா, இதுவா என்று.

இன்று ஈரப்பதம் தொண்ணூறு.
வேலை முடிந்து, நானே ஓட்டிவந்து
கார்னிஷில் நிறுத்துகிறேன்.
பாலத்து விளக்குகள் ஊறி வீங்கியிருக்கின்றன.
தொண்ணூற்றாறு புள்ளி ஐந்தில் வில்லா விளம்பரம்.
ஆறில் பங்குச்சந்தை.
இந்தக் கார் ரேடியோ
ஐந்திலிருந்து ஆறுக்கு ஒரே தாவாகத் தாவுகிறது.
திரும்பி வருகிறேன். தாவுகிறது.
எதற்கும் கண்ணாடியை இறக்கிவைக்கிறேன்.

பின்சீட்டிலிருந்து மகள்:
"ஏசி வெளிய போகுது உம்மா."