இடப்பக்கச் சிவப்பு

என் ஸ்டாண்டர்ட் ட்வென்டி பிக்கப்புக்கு
பின்விளக்குக் கண்ணாடி, இடது பக்கம்.
இது ஒன்றுக்காகப்
புதுப்பேட்டையில் நாலு வருஷச் சனிக்கிழமைகள்.

"ஏதாவது லாரி லைட்டை மாட்டி ஓட்டுங்களேன் சார்"
என்பார் தஸ்தகீர் பாய், ஒவ்வொரு முறையும்.
பிறகு டீ சொல்வார்.

அவர்தான் சொன்னார்,
ஓடுகிற நிலையில் இன்னொன்று
பள்ளிக்கரணை எத்திராஜுலுவிடம் இருப்பதாக.
அவருக்கு வலது கண்ணாடி இல்லையாம்.

மாதம் ஒருமுறை போன் வரும்.
"வண்டி சௌக்கியமா?"
சௌக்கியம் என்பேன்.
மறுமுனையில் மூச்சு கொஞ்சம் இறங்கும்.
அடுத்த மாதம் நான் கேட்பேன்,
துரு எதுவரை வந்திருக்கிறது என்று,
அதே அக்கறையோடு.

கார்த்திகை மழையில், ராத்திரி இரண்டரைக்கு,
"தண்ணி ஏறிடுச்சா?" என்றார்.
விசாரித்த மாதிரியும் இருந்தது,
விலை கேட்ட மாதிரியும் இருந்தது.

வேளச்சேரி மேம்பாலத்தில்
பேட்டையின் கார்களெல்லாம்
கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றன.
செகண்ட் கியரில் முனகி முனகி ஏறினேன்.
ஒரே ஒரு இடம் காலி.
அதற்கு முன்னால், பாதி தார்ப்பாய்க்குள்,
மங்கின மஞ்சளில், அது.
இடது விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அவர் என் வண்டியைச் சுற்றி வந்தார்.
நான் அவருடையதை.
ஒரே குடைக்குள் நின்று
பாட்டரி, லீஃப் ஸ்பிரிங், கார்ப்பரேட்டர்,
பெருங்களத்தூர் தொழிற்சாலை வரை பேசினோம்.
விளக்குப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

விடிகிறவரை தூங்கவும் இல்லை.
அவர் சட்டைப்பையிலும்
ஒரு ஸ்க்ரூடிரைவர்.