கழுத்துச் சாவி

புதுச் சட்டம் வந்த திங்கட்கிழமை
பீடோர் மளிகைக்கடைக் கல்லாவில் நான்.
சிகரெட் அலமாரிச் சாவி என் கழுத்தில்.
திறக்கலாம், எடுத்துத் தரலாம்;
எனக்கென்று ஒன்று வாங்க
இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

கவினேஷ் வந்தான்,
செம்பனைக் குலை வெட்டிய வேர்வையோடு,
காலரில் ஒரு முள் ஒட்டியிருந்தது.
ஐசியைத் தட்டி வைத்தான்.
இருபத்தொன்றுக்கு நாற்பது நாள் குறை.

"லோரி ஓட்டலாம், ஓட்டுப் போடலாம்,
கடனில் மோட்டார் எடுக்கலாம்.
போன வாரம் இதே கையாலதானே குடுத்த?"

ஆமாம். இதே கைதான்.
பதினைந்தில், அப்பாவுக்கு என்று
உதிரியாய் இரண்டு வாங்கிப் போவான்.
அவன் அப்பா புகைத்ததே இல்லை.
அது கடைத்தெருவுக்கே தெரியும்.

வரிசையில் அடுத்து மண்டோர்.
இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.
விரலால் அலமாரியைக் காட்டினார்.
அவர் வயதை யார் கேட்பது?
திறந்தேன், பூட்டினேன்.

கண்ணாடிக்கு வெளியே
ஐந்தடியோ ஆறடியோ தள்ளி
ஒரே தீக்குச்சிக்கு இரண்டு பேர் குனிந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கவினேஷ் திரும்பி வந்து
ஐம்பது காசுக்குப் புதினா மிட்டாய் கேட்டான்.
அம்மாவுக்கு வாடை தெரியக் கூடாதாம்.

கொடுத்தேன்.
அதற்கு ஐசி வேண்டாம்.