நானூற்று எழுபத்தொன்று

வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றில்
பிஸ்கட் அடுக்கின் முன்னால் நிற்கிறேன்
இருபது நிமிடமாய்.
கோதுமை மா, சீனி, தாவர எண்ணெய், உப்பு:
இதுவரை பிரச்சினையில்லை.
பிறகு ஓர் எழுத்து, மூன்று இலக்கம்.
ஈ நானூற்று எழுபத்தொன்று.
செம்பனையிலிருந்தும் வரலாம்,
மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம்.
பெட்டி வாய் திறக்காது.

"ஹலால்தான் அக்கா" என்கிறான் ருஸைக்,
விலை ஒட்டும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு.
"பச்சைப் புள்ளியும் இருக்கு. விரதமா?"

முத்திரைகளெல்லாம் வானத்தைப் பார்த்துக்
கணக்குக் கொடுக்கின்றன.
எனக்கு விலக்கு வைத்ததோ
மிளகளவு பூச்சி.

வவுனியாவுக்கு அப்பால் காணி அளக்கப் போன மாசியில்
முக்காலியை நிமிர்த்தும்போது
முழங்கால் மடிப்பில் ஓர் உண்ணி.
பிடுங்கி எறிந்தேன்.
சித்திரையில், மாலை ஆறரைக்கு, ஒரு மாட்டிறைச்சி ரோல்ஸ்.
பதினொன்றரைக்கு உள்ளங்கை கடித்தது.
பிறகு உதடு, பிறகு மூச்சு.
"இறால் சாப்பிட்டீங்களா?" என்றார்கள் களுபோவிலையில்.
ஐந்து மணி நேரம் முந்திய ரோல்ஸை
யார் சந்தேகிப்பார்?
நாலாவது டொக்டர்தான் பெயர் சொன்னார்,
அல்பா-கால்.
யாரோ புதிதாய்க் கண்டுபிடித்த நட்சத்திரம் மாதிரி.

இறக்குமதிக் கேக்கில் ஸ்டிக்கர்
சரியாக உள்ளடக்கத்தின் மேலேயே.
நகத்தால் உரிக்கிறேன். அடியில் மலாய் மொழி.
பக்கத்து மார்ஷ்மெலோ மட்டும் பளிச்சென்று சொல்கிறது,
ஜெலட்டின், மாடு.
அதன் நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டு
இருந்த இடத்தில் வைக்கிறேன்.

பிஸ்கட் பெட்டியின் பின்புறத்து இலக்கத்துக்கு
போன் எடுத்தேன். துஷாரி என்றாள்.
"சமயத்துக்கா மிஸ்?"
இல்லை, கினித்துல்லாவால், என்றேன்.
சிரித்தாள். நான் சிரிக்காததைக் கேட்டு
நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை அவளே எடுத்தாள்.
ஃபக்டரியில் விசாரித்தாளாம். செம்பனைதான்.
ஆனால் அதே பெல்ட்டில்
செவ்வாய் தோறும் பட்டர் குக்கி ஓடும்.
பாலும் எனக்கு ஒத்துவராது.
இடையில் கழுவுவார்களா?
"ஹோதனவலு, மிஸ்."

கழுவுவார்களாம்.
அவள் மொழியில் 'லு', என் மொழியில் 'ஆம்'.
கண்ணால் காணாத எதற்கும்
இரண்டு மொழியும் வைத்திருக்கும் ஒட்டு.
நகத்தால் உரிக்க முடியாதது.

இன்றிரவு ஏழரைக்கு ஒரு பிஸ்கட். ஒன்றே ஒன்று.
மேசையில் ஊசி, போன்,
முச்சக்கரவண்டிக்கார ஜெயசீலனின் நம்பர்.
கடைசி ரயில் கடலோரமாய்ப் போய்விட்டது.
சிந்திய தூளுக்கு எறும்புகள் வந்திருக்கின்றன,
எதையும் வாசிக்காமல்.

பன்னிரண்டே கால்.
உள்ளங்கையை விளக்கில் பிடித்துப் பார்க்கிறேன்.
கடிக்கிறதா,
கடிக்கும் என்று நான் பார்ப்பதால்
கடிக்கிறதா